அம்மச்சிப் பிலாவின் பொந்திலிருந்து: தன்மைநிலைத் திகில் விளையாட்டின் வரலாறு

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பழைய பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அப்பகுதி மக்கள் அதனை அம்மச்சிப் பிலாவு என்பர். 1729 இல் அரியணை ஏறுவதற்கு முன், எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களால் துரத்தப்பட்ட மார்த்தாண்ட வர்மா இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது மரபுவழிச் செய்தி. ஒளிவிடம் காட்டியவன் ஒரு சிறுவன் என்றும், அவன் கண்ணனே எனத் தெளிந்த மன்னர் பிற்காலத்தில் அங்கே கோயில் எழுப்பினார் என்றும் அம்மரபு தொடர்கிறது. இக்கதை எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, அதனுள் அமைந்துள்ள அச்சத்தின் வடிவம் கருதத்தக்கது. பொந்தினுள் இருப்பவனுக்குத் தெரிவது ஒரு கீற்று வெளிச்சம் மட்டுமே. துரத்துவோர் எத்தனை பேர், எத்திசையில் நிற்கின்றனர் என்பவற்றை அவன் காலடியோசையைக் கொண்டே கணிக்க வேண்டும். அவன் காணாததைக் கதை கேட்பவரும் காண்பதில்லை.

இதே வடிவத்தைக் கணினித் திரையில் கட்டியெழுப்பியதே ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் எனப்படும் விளையாட்டு வகையின் திகில் கிளை. தமிழ் இலக்கணச் சொல்லால் இதனைத் தன்மைநிலைச் சுடும் விளையாட்டு எனலாம். படர்க்கை நிலையில் அமைந்த விளையாட்டில், ஆடுபவர் தம் பாத்திரத்தை வெளியிலிருந்து காண்கிறார். அதன் முதுகுக்குப் பின்னால் வருவதும் அவருக்குத் தெரியும். தன்மைநிலையில் பாத்திரத்தின் உடல் மறைந்துவிடுகிறது. துப்பாக்கி ஏந்திய கைகளும் முன்னால் உள்ள சிறு வெளியும் மட்டுமே எஞ்சுகின்றன. முதுகுப்புறம் முழுவதும் அறியாப் பகுதியாகிறது. இவ்வகையின் அச்சம் பெரும்பாலும் அந்த அறியாப் பகுதியிலிருந்தே பிறக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் குறிக்கிறது. திகில் விளையாட்டுகளின் பகைகளை வகைப்படுத்த இந்நான்கும் இன்றளவும் போதுமானவை. ஆயினும் 'யாருடைய அச்சம்' என்ற வினா தனியே எழுப்பப்பட வேண்டியது. அவ்வினாவை முன்வைத்து இவ்விளையாட்டின் வரலாற்றையும் நெய்யாற்றின்கரை வழிச் செல்லும் பழைய பாதையின் கதைகளையும் ஒருங்கே நோக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையே நேரடித் தாக்கம் எதுவும் இல்லை. இங்கே மேற்கொள்ளப்படுவது ஒப்பீடு மட்டுமே.

தன்மைநிலைப் பார்வையின் தொடக்கம் 1973–74 ஆம் ஆண்டுகளுக்குச் செல்கிறது. கலிஃபோர்னியாவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவான 'மேஸ் வார்' என்னும் விளையாட்டில், கோடுகளால் வரையப்பட்ட தாழ்வாரங்களில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சுட்டனர். அதில் எதிராளியின் உருவம் ஒரு பெரிய கண்விழியாக வரையப்பட்டிருந்தது. இவ்வகையைப் பெருவழக்காக்கியவை இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' (1992), 'டூம்' (டிசம்பர் 1993) ஆகியன. டூமின் கதை செவ்வாய்க் கோளின் துணைக்கோள்களான ஃபோபாஸ், டைமாஸ் ஆகியவற்றில் தொடங்குகிறது. கிரேக்கத் தொன்மத்தில் இப்பெயர்கள் போர்த்தெய்வத்தின் புதல்வர்களைக் குறிப்பன. அவற்றின் பொருள் அச்சமும் நடுக்கமும் ஆகும்.

டூமின் திகில் எளிய பொறியமைப்பால் ஆனது. அதன் களம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வெளிச்ச அளவு வகுக்கப்பட்டது. எனவே ஆடுபவர் ஒரு சாவியை எடுத்தவுடன் விளக்கை அணைக்கவும், சுவரைத் திறந்து அதன் பின்னிருந்த பேய்களை அவிழ்த்துவிடவும் வடிவமைப்பாளர்களால் இயன்றது. ஆனால் டூமில் அஞ்சியவனுக்கு எப்போதும் ஒரு விடை உண்டு, அது துப்பாக்கி. எதிர்ப்படும் எதுவாயினும் சுட்டால் வீழும். அச்சம் அங்கே வெற்றிக்கு முன்வரும் ஒரு கணம் மட்டுமே.

இந்த உறுதியைப் பின்வந்தோர் படிப்படியாகத் தளர்த்தினர். 'சிஸ்டம் ஷாக் 2' (1999) தோட்டாக்களை அரிதாக்கியது. துப்பாக்கிகளும் அதில் தேய்ந்து பழுதுபடும். 'டூம் 3' (2004) இருட்டையே விதியாக்கியது. அதில் ஒரு கையில் விளக்கும் மறுகையில் துப்பாக்கியும் ஏந்த இயலாது. காண்பதா சுடுவதா என்பதை ஆடுபவர் ஒவ்வொரு கணமும் முடிவுசெய்ய வேண்டும். இக்கட்டுப்பாட்டைப் பொறாத ஆட்டக்காரர்கள், விளக்கைத் துப்பாக்கியோடு நாடாவால் ஒட்டியதுபோன்ற ஒரு மாற்றுநிரலை எழுதிப் பரப்பினர். 2012 இல் வெளிவந்த மறுபதிப்பில் அந்நிறுவனமே விளக்கைக் கவசத்தில் பொருத்திவிட்டது. வசதி கூடியது, அச்சம் குறைந்தது.

இருளும் கைப்பொருளும் பற்றிய இந்தக் கணக்கு, திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகத் தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் பழைய பாதையின் கதைகளுக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை இன்று இப்பாதையைப் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வெட்டுகிறது. கதைகள் அவ்வெல்லையை அறியா. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டில் இரவில் தனியே செல்பவனிடம் அழகிய பெண்ணொருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தவன் விடியலைக் காணமாட்டான். அவளே கள்ளியங்காட்டு நீலி. மலையாள வாய்மொழி மரபில் கடமற்றத்துக் கத்தனார் என்னும் பாதிரியார் இரும்பாணியின் முனையில் சுண்ணாம்பை நீட்டி யட்சியை அடக்குகிறார். யட்சிக்கு இரும்பு ஆகாது என்பது நம்பிக்கை. வழிப்போக்கனின் கையில் இரும்பு இருப்பதும் இல்லாததுமே அவன் கதையின் முடிவைத் தீர்மானிக்கின்றன. டூமின் துப்பாக்கியும் கத்தனாரின் ஆணியும் ஒரே பணியைச் செய்கின்றன.

ஆயினும் நீலியின் கதை ஆணியோடு முடிவதன்று. அவளை நம்பவைத்துக் காட்டுக்கு அழைத்துச் சென்றவன் நகைக்காக அவளைக் கொன்றான். கள்ளிச்செடியைத் தவிர அங்கே சாட்சி இல்லை. மறுபிறவியில் அவள் அக்கள்ளியின் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, கொன்றவனைத் தேடி வருகிறாள். பழையனூர் வேளாளர் எழுபதுபேர் தீப்பாய்ந்த வடதமிழ்நாட்டுக் கதையும் இதனோடு இணைந்தது. தமிழ் வழக்கு 'நீலிக்கண்ணீர்' என்று அவள் அழுகையைப் பொய்யாக்கிப் பழமொழியாக்கிவிட்டது. கொலையுண்டவள் அழுதாள் என்பதை அத்தொடர் மறைக்கிறது.

மோனோலித் நிறுவனம் 2005 அக்டோபரில் வெளியிட்ட 'ஃபியர்' என்னும் விளையாட்டு இவ்விடத்தில் கருதத்தக்கது. அதன் பகைகள் இருவகைப்பட்டன. ஒருவகை, படைவீரர்கள். ஜெஃப் ஆர்க்கின் வடிவமைத்த திட்டமிடும் நிரலால் இவர்கள் இலக்கை அறிந்து, அதற்கேற்ற செயல்களைத் தாமே கோத்து, ஒருவரோடொருவர் பேசி, மேசைகளைக் கவிழ்த்து மறைவு தேடுவர். இவர்களைச் சுட்டு வீழ்த்தலாம். மறுவகை, செந்நிற ஆடையும் முகம் மறைக்கும் கூந்தலும் உடைய ஆல்மா என்னும் சிறுமி. ஆடுபவர் ஏணியில் இறங்கத் திரும்பும் கணத்தில் அவள் எதிரே நிற்பாள். சுட முனையும்போது மறைந்திருப்பாள். ஜப்பானியத் திகில் திரைப்படங்களில் வரும், அநீதியால் இறந்து பழிதீர்க்க மீளும் பெண்ணாவியின் வழிவந்த உருவம் அது. கதை வளர வளர, ஒரு நிறுவனம் அவளை நிலவறையில் அடைத்துவைத்து, அவள் வயிற்றில் பிள்ளைகளைப் பிறப்பித்துக் கவர்ந்துகொண்ட செய்தி வெளிப்படுகிறது. இறுதியில், யாருடைய கண்களால் ஆடுபவர் அதுவரை கண்டாரோ, அவனே அவள் மகன் எனத் தெரிகிறது. தொல்காப்பியத்தின் கள்வருக்குத் துப்பாக்கி விடையாகிறது, அணங்குக்கு ஆவதில்லை. ஏனெனில் அங்கே அச்சத்தின் வேர் ஒரு குற்றம். குற்றத்தைச் சுட்டழிக்க இயலாது.

தென்திருவிதாங்கூரின் மற்றொரு புகழ்பெற்ற யட்சி காஞ்சிரோட்டு யட்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் காஞ்சிரக்கோட்டில் கொலையுண்ட சிருதேவி என்னும் பெண்ணே இவ்யட்சியானாள் என்பது மரபு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் திறவா நிலவறையில் அவள் உறைவதாக ஒரு நம்பிக்கை உண்டு. பூட்டிய அறையில் பெண்ணொருத்தியின் சினத்தை வைத்து அதன்மேல் செல்வம் காக்கும் கற்பனை, திருவிதாங்கூருக்கும் அமெரிக்க விளையாட்டுக்கும் தனித்தனியே வாய்த்திருக்கிறது.

2010 க்குப் பின் திகில் விளையாட்டின் ஒரு கிளை துப்பாக்கியையே கைவிட்டது. சுவீடனின் ஃப்ரிக்ஷனல் நிறுவனம் உருவாக்கிய 'அம்னீசியா' (2010) ஆடுபவருக்கு எந்த ஆயுதமும் தருவதில்லை. இருளில் நின்றால் மனம் பேதலிக்கும். வெளிச்சத்தில் நின்றால் பகை கண்டுவிடும். பகையை உற்றுநோக்கினாலும் மனம் பேதலிக்கும். 'ஏலியன்: ஐசொலேஷன்' (2014) விளையாட்டில் வரும் விலங்கைக் கொல்ல இயலாது. அலமாரியினுள் புகுந்து, மூச்சை அடக்கி, அது கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். அவ்விலங்கை இயக்கும் நிரல் இரு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு ஆடுபவர் இருக்குமிடத்தை எப்போதும் அறியும். ஆனால் விலங்குக்கு அதனை முழுமையாகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும். தேடுவதும் முகர்வதும் கேட்பதும் விலங்கின் வேலை. இங்கே விளையாட்டு வகை அம்மச்சிப் பிலாவின் பொந்துக்கு வந்து சேர்கிறது.

வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. பொந்தில் ஒளிந்தவர் அரசரானார். 1741 இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். பிடிபட்ட டி லனாயைக் கொண்டே தம் படையைப் பயிற்றுவித்தார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கப்பட்டது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் வீடுகள் இடிக்கப்பட்டுக் குளமாக்கப்பட்டன என்றும், அவர்தம் பெண்டிரும் குழந்தைகளும் கடற்கரை மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்றும் மரபு கூறும். தம் இறை என்னும் நான்காம் அச்சக்களமாக அவரே மாறினார். அரியணைப் போட்டியில் அவரால் கொல்லப்பட்ட தம்பிமாரைப் பற்றிய 'வலியதம்பி குஞ்சுதம்பி கதை' தமிழ் வில்லுப்பாட்டாகப் பாடப்படுவது. அது வெட்டுண்டவர்களின் பக்கம் நின்று பேசுகிறது. ஒரே மனிதர் நெய்யாற்றின்கரைக் கதையில் துரத்தப்படுபவராகவும் நாகர்கோவில் பாட்டில் துரத்துபவராகவும் காட்சியளிக்கிறார். கண் இடம் மாறினால் அணங்கும் அரசனும் இடம் மாறுகின்றனர்.

வில்லுப்பாட்டு இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. குமரிப் பகுதியின் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988 இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகளையும் வன்கொலையால் இறந்து தெய்வமான 'வெட்டுப்பட்ட வாதை'களின் கதைகளையும் வேறுபடுத்திக் காட்டினார். கொடைவிழாவில் கொலை பாடப்படும் கட்டத்தில் சாமியாடியின்மேல் அவ்வாதை இறங்குகிறது. அதுவரை 'அவன்' என்றும் 'அவள்' என்றும் படர்க்கையில் நகர்ந்த கதை, 'நான்' என்று தன்மையில் பேசத் தொடங்குகிறது. கூடியிருப்போர் அதனிடம் குறை கேட்கின்றனர்; அது வேண்டுவதைக் கொடுக்கின்றனர். அச்சத்துக்குரிய உருவமே தன்மையிடத்தைப் பெறும் அரங்கு இது. அங்கே ஆணிக்கும் துப்பாக்கிக்கும் வேலை இல்லை.

ஆக, தன்மைநிலை அச்சத்துக்கு இப்பகுதியின் மரபு மூன்று நிலைகளை வழங்குகிறது: இரும்பேந்திய வழிப்போக்கன், பொந்தில் ஒளிந்தவன், வெட்டுண்டு பேசுபவள். திகில் விளையாட்டு முதல் நிலையில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இரண்டாம் நிலையை முழுமையாகக் கைக்கொண்டது. மூன்றாம் நிலையை அது தொட்டது அரிது. 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்' (1999) விலங்கின் கண்களை ஆடுபவருக்குத் தந்தது. ஆனால் அக்கண்கள் இரையை மட்டுமே தேடின, விலங்குக்கு முறையீடு எதுவும் இல்லை. 'ஃபியர்' முறையீட்டை ஏற்றது. ஆனால் தாயின் கண்களைத் தராமல் மகனின் கண்களையே தந்தது. 2025 இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியைக் கதைத்தலைவியாக்கியதும், அதற்குக் கிடைத்த பெருவரவேற்பும், அம்மூன்றாம் நிலைக்குக் காத்திருப்போர் உளர் என்பதைக் காட்டுகின்றன.

விளையாட்டாய்வில் வன்முறை எவ்வளவு, அது இளைஞரைக் கெடுக்குமா என்னும் வினாக்களே நெடுங்காலம் முதலிடம் பெற்றுள்ளன. திரையில் தெரியும் இரு கைகள் யாருடையவை, அவற்றின் முன் நிற்கும் உருவத்துக்கு முன்னர் என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் அவற்றினும் பயன்மிக்கவை. ஒளிந்தவர் அரசரானதால் நெய்யாற்றின்கரையில் அவர் ஒளிந்த மரம் இன்றும் காக்கப்படுகிறது. கடற்கரைக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பெண்களுக்கும் அவ்விரவில் ஒளிய ஓர் இடம் தேவைப்பட்டிருக்கும். அவர்கள் தேடிய மரம் எதுவென்று யாரும் காட்டுவதில்லை.