கிராணி மகளும் தோட்டத்து மகளும்

மலாயாத் தமிழரிடையே நிலவிய வகுப்பு வேறுபாட்டைக் கிராணி வீடும் தொழிலாளர் லயமும் தெளிவாகக் காட்டின. சுங்கை பூலோ முதலிய சிலாங்கூர்ப் பகுதிகளின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழகத்துத் தொழிலாளர்; கிராணியருள் பலர் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். கிராணி மகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றாள். தோட்டத்து மகள் தோட்டப் பள்ளியோடு நின்று பால்வாளி ஏந்தினாள். இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கம் இருந்ததில்லை.

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற ஜான்சிராணிப் படை முகாம் இவ்விரு தரத்துப் பெண்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் கோலாலம்பூர் ஜானகி தேவர் 18 வயதிலும், ஈப்போ ராசம்மா 16 வயதிலும் இணைந்தனர். தோட்டத்துப் பெண்களும் திரளாக வந்தனர். உடை ஒன்று, உணவு ஒன்று, துப்பாக்கியும் ஒன்று. கட்டளை மொழியான இந்துஸ்தானி இருசாராருக்குமே புதிது. ஆங்கிலக் கல்வியின் மேன்மை அணிவகுப்புத் திடலில் செல்லுபடியாகவில்லை.

எனினும், இவ்வொற்றுமைக்கு எல்லை உண்டு. அதிகாரிப் பதவிகள் பெரும்பாலும் கற்றவர்க்கே வாய்த்தன. போருக்குப்பின் ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தோற்றத்தில் பங்கேற்றார். ராசம்மா 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவிச் சம ஊதியத்திற்குப் போராடினார். தோட்டத்து மகளோ பால்வெட்டுக்கே திரும்பினாள். நினைவுக்குறிப்பு எழுதியோரும் நேர்காணல் அளித்தோரும் பெரும்பாலும் கற்றவரே. அவளுக்கும் உரிய இடம் அளிக்காதவரை இப்படையின் வரலாறு முழுமை பெறாது எனலாம்.