திருமலைத் துறைமுகமும் தேசிக்காய்ச் சாறும்

1795 ஓகஸ்ட் மாதக் கடைசியில் திருகோணமலைக் கோட்டையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயின. வந்த கப்பல்களுக்குத் தலைவர் பீட்டர் ரெய்னியர். அவருடைய கப்பல் 74 பீரங்கி கொண்ட ‘சஃபோக்’. முந்தைய ஆண்டு அந்தக் கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு எந்தக் கரையையும் தொடாமல் 23 வாரம் ஓடி வந்தது. மாலுமிகளின் சாராயத்தில் நாள்தோறும் லெமன் சாறும் சீனியும் கலந்து கொடுத்தார்கள். ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, பழைய காயங்கள்கூட மறுபடி திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை. திருமலையின் சரித்திரத்தில் பீரங்கிகளுக்குக் கிடைத்த இடம் இந்தச் சாற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஒல்லாந்தர் அப்போதே தளர்ந்து போயிருந்தார்கள், அவர்களுடைய ஆட்சித் தலைவரே இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து குடியேற்றங்களை ஒப்படைக்கச் சொல்லி எழுதிவிட்டார், இதில் பழச்சாறு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாறு கோட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வந்தவர்களை நடமாட வைத்தது. அது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் சாட்சி. 1782 ஜனவரியில் அவர் பிடித்த திருமலையை அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் சுஃப்ரேன் பறித்துக்கொண்டார். 1783 ஜூனில் கடலூருக்கு எதிரே இருவரும் மறுபடி மோதியபோது ஹியூஸின் கப்பல்களில் ஸ்கர்வி பரவிக் கிடந்தது, குடிநீரும் குறைந்துவிட்டது. அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

நீண்ட கடற்பயணத்தில் பறித்த பழம் நிற்குமா என்று கேட்டால், அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: அழுகாமல் நிற்குமா, சத்தோடு நிற்குமா? இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் ஆங்கிலேயக் கடற்படை நீண்ட காலம் ஏமாந்தது. 1747இல் தோடம்பழமும் லெமனும் ஸ்கர்வியைத் தீர்ப்பதைக் கண்ணால் கண்ட கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்டே, சாற்றைச் சூடாக்கிப் பாகாக வற்றவைத்து வைக்கலாம் என்று எழுதினார். பாகு கெடவில்லை, சூட்டில் சத்துப் போய்விட்டது. பிற்பாடு பச்சைச் சாற்றிலேயே கொஞ்சம் மதுவைச் சேர்த்தார்கள், அல்லது காற்றுப் படாமல் மேலே ஒலிவ எண்ணெயை மிதக்கவிட்டார்கள். அந்தச் சாறுதான் வேலை செய்தது.

பழத்தின் இனம் மாறியபோது அதுபோன்ற பிழை திரும்பி வந்தது. 1860களில் மத்தியதரைக் கடல் லெமனை விட்டு, மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்க்குக் கடற்படை மாறியது. தங்கள் குடியேற்றத்துப் பழம், புளிப்பும் அதிகம். புளிப்புத்தான் மருந்து என்று நம்பினார்கள். 1875இல் வடதுருவத்தை நோக்கிப் போன ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நேர்ஸின் குழுவைத் தேசிக்காய்ச் சாறு காப்பாற்றவில்லை. காரணம் 1918இல்தான் தெளிவாயிற்று. இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், புதிய தேசிக்காய்ச் சாற்றுக்கு லெமன் சாற்றின் வலுவில் ஏறக்குறைய கால்பங்குதான் இருந்தது. பதப்படுத்தி வைத்த சாறு அனேகமாகப் பயனற்றது. முழுப் பழத்திலும் வேறுபாடு உண்டு. தடித்த தோல் லெமன் குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். மெல்லிய தோல் தேசிக்காய் நம் வெயிலில் சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்கும்.

அப்படியானால் நம் வீடுகளின் ஊறுகாய்? தேசிக்காயை அடி பிரியாமல் நாலாகப் பிளந்து, உள்ளே உப்பை அடைத்து, சாடியில் ஊறவைத்து, பிறகு வெயிலில் கபில நிறமாகக் காயவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் கெடாது, காய்ச்சல்காரன் கஞ்சிக்கு அதைப்போலத் தொடுகறி வேறில்லை. ஆனால் அது முதல் கேள்விக்கு மட்டுமே விடை. உப்பு அழுகலைத் தடுக்கும். வெயிலும் காற்றும் தின்னும் சத்தை அதனால் காக்க முடியாது. ஊறுகாயை வாய்க்கு ருசியாக வைத்துக்கொள்ளுங்கள். சத்துக்காக என்றால், மரத்திலிருந்து பறித்த தேசிக்காயை அன்றே பிழிந்து, பிழிந்த கையோடு குடியுங்கள்.