சவரத் தூரிகையும் தொழிலாளர் உயிரும்

அன்றாட வாழ்விற் கையாளும் சிறு பொருள்களுக்கு வரலாறு இல்லை என்று எண்ணுவோர் பலர். அரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியுமே வரலாறு எனப் பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. காலையிற் கண்ணாடி முன் நின்று, தூரிகையைச் சுடுநீரில் நனைத்து, சவர்க்காரத்தை நுரைக்கச் செய்து முகத்திற் பூசும் மனிதன், அத்தூரிகையின் மயிர் எங்கிருந்து வந்தது, யார் கைகள் அதனைத் தரம் பிரித்தன என்று கேட்பதில்லை. முதலாம் உலகப் போர்க்காலத்தில் அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய நிலை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்பட்டது.

மேலைநாடுகளில், மடக்குக் கத்தியால் தன் முகத்தைத் தானே மழிப்பதற்குப் பயிற்சி வேண்டியிருந்தமையால், நெடுங்காலம் பலர் நாவிதரையே நாடினர். ஜில்லெட் என்பார் வகுத்த காப்புச் சவரக் கத்தி இந்நிலையை மாற்றியது. 1901இல் பொஸ்ரன் நகரில் தொடங்கப்பெற்ற அவரது நிறுவனம், 1903இல் விற்ற கத்திகள் 51; அலகுகள் 168. இச்சிறு தொடக்கத்தைப் பெருவணிகமாக்கியதில் போருக்குப் பெரும் பங்குண்டு. 1915 ஏப்ரில் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படைகள் குளோரின் வாயுவை ஏவின. நச்சுவாயு முகமூடி தோலோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமாயின் மழித்த முகம் வேண்டும். ஆகவே, சவரம் உயிர்காக்கும் கடமையாயிற்று. இலட்சக்கணக்கான போர்வீரர்க்குக் கத்தியும் தூரிகையும் சவர்க்காரமும் தேவைப்பட்டன.

நல்ல தூரிகைகள், பாட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் மயிராற் செய்யப்படுபவை. போர் வர்த்தகப் பாதைகளைக் குலைத்தது. தேவையோ பன்மடங்கு பெருகியது. அவ்விடைவெளியில் மலிவான குதிரைமயிர் புகுந்தது. பாட்ஜர் மயிர்போலத் தோன்றுமாறு நிறமூட்டப்பெற்ற அத்தூரிகைகளுட் சில, அந்திரக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயின் வித்திகளையும் சுமந்து வந்தன. கத்தி ஏற்படுத்தும் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாயினும் கிருமிக்கு அது போதுமான வாயில். நுரையைத் தேய்க்கும் தூரிகையே வித்திகளையும் கீறலுட் செலுத்தியது. முகத்திற் கொப்புளம் எழும், அதன் நடுவே கரிய பொருக்கு உண்டாகும், கழுத்து வீங்கும். பெனிசிலின் அறியப்படாத அந்நாளில் பலர் பிழைக்கவில்லை. இவ்விரு நாடுகளின் படைவீரரும் பொதுமக்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர்.

இஃது எதிர்பாராத விபத்து என்று கூறிவிடலாமா? கூறமுடியாது. விலங்கு மயிரில் மரணம் உறைந்திருந்தமை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. அதனை உலகறியச் செய்தவர்கள், தம் உயிரை விலையாகக் கொடுத்த தொழிலாளர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரம் கம்பளித் தொழிலின் தலைநகராய் விளங்கியது. பெரு நாட்டிலிருந்து அல்பாக்கா மயிரும், துருக்கியிலிருந்து மொகெயர் என்னும் ஆட்டுமயிரும் அந்நகர ஆலைகளை வந்தடைந்தன. பொதிகளைப் பிரித்து மயிரைத் தரம்பிரித்த தொழிலாளர், அதன் தூசியைச் சுவாசித்துச் சில நாட்களிலேயே மாண்டனர். 'கம்பளி பிரிப்போர் நோய்' என்று அதற்குப் பெயரும் வழங்கியது. அந்திரக்ஸ் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை 1876இல் ரொபேட் கொக் விளக்கினார். பிராட்போர்ட் மருத்துவரான ஜோன் ஹென்றி பெல், தொழிலாளரைக் கொன்றதும் அதே நோய்தான் என்பதை 1880 அளவில் நிலைநாட்டினார்.

காரணம் தெரிந்தது, பரிகாரம் வந்ததா? 1884இல் அந்நகரில் வகுக்கப்பெற்ற விதிகள் முதலாளிமார் தாமாக விரும்பிக் கைக்கொள்ள வேண்டியவையாகவே இருந்தன. தொழிலாளர்க்கு இந்நோய் கண்டால் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் 1895இலேயே ஏற்பட்டது. காற்றோட்டம், தூசியகற்றும் விசிறி, கைகழுவுதல் என விதிகள் பெருகின. பொதிகளுக்குள் இருந்த வித்திகளோ அப்படியே இருந்தன. கம்பளி ஆலைகளில் மட்டுமன்றி, குதிரைமயிரும் பன்றிமயிரும் பதனிடும் பட்டறைகளிலும் சாவு தொடர்ந்தது. 1905இலிருந்து பிராட்போர்டில் ஆராய்ச்சி நடத்திய யூரிச் என்னும் விஞ்ஞானியும், தொழிற்சாலைப் பரிசோதகரான டக்கரிங்கும் இறுதியில் வழி கண்டனர். சவர்க்காரமும் காரமும் கலந்த வெந்நீரில் மயிரைக் கழுவி, வித்திகளை மூடியிருக்கும் இரத்தப் படிவை இளக்கி, பின்னர் போமல்டிகைட்டுக் கரைசலில் தோய்ப்பதே அவ்வழி. 1919இல் அந்திரக்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறியது; 1921இல் லிவர்பூல் துறைமுகத்தில் அரசாங்கக் கிருமிநீக்க நிலையம் இயங்கத் தொடங்கியது. பெல்லின் முடிவுக்கும் இந்நிலையத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

தூரிகையின் கதையோ வேறு. போர்க்காலத்தில் நோய் வெளிப்பட்டது. 1920இலேயே ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரித்தானிய அரசு தடைசெய்தது. வாங்குவோன் முகத்தில் தோன்றிய புண்ணுக்குச் சில ஆண்டுகளிற் கிடைத்த கவனம், உழைப்போன் நுரையீரலில் தோன்றிய நோய்க்குக் கிடைக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. பொருளை வாங்குவோன் சந்தைக்கு இன்றியமையாதவன். பொருளை ஆக்குவோன் மாண்டாலோ, அவனிடத்துக்கு வேறொருவன் ஆலை வாயிலிற் காத்திருந்தான்.

பழைய தூரிகைகளைத் தேடி வாங்கிப் பயன்படுத்தும் ஆர்வம் அண்மைக் காலத்தில் மீண்டும் எழுந்துள்ளது. போர்க்கால நிகழ்ச்சிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் சிலர், அத்தகைய தூரிகைகளில் இன்றும் சிறிதளவு அபாயம் இருக்கலாம் என 2017இல் எச்சரித்தனர். வித்திகள் நெடுங்காலம் உறங்கவல்லவை.

இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் தெளிவானது. ஆலைக்குள் தொழிலாளியைக் கொல்லும் நஞ்சு ஆலைச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. என்றோ ஒருநாள் அது பொருளோடு புறப்பட்டு, வாங்குவோன் வீட்டுக் கண்ணாடி முன்னும் வந்து நிற்கும். ஆதலின் உழைப்போரின் பாதுகாப்புக்காகக் குரல் கொடுப்பது பிறர்மீது காட்டும் இரக்கமன்று. அது சமுதாயம் முழுவதற்குமான தற்காப்பு. நாம் கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் ஆக்கிய கைகள் எந்நிலையில் உள்ளன என்று கேட்கப் பழகுவோம். நம் மாணவரையும் கேட்கப் பழக்குவோம்.