ஈயக்குண்டும் பர்வானாவும்: வில்லியனூர், பாகூர் வரலாற்றில் ஒரு பக்கம்

வில்லியனூரும் பாகூரும் கடலாதிக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படும் ஊர்கள் அல்ல. ஒன்று சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்நாட்டில் அமைந்தது. மற்றொன்று ஏரிப்பாசனத்தால் வாழ்வது. ஆயினும் 1783 செப்டம்பர் 3ஆம் நாள் வெர்சாய் நகரில் இங்கிலாந்து மன்னரும் பிரான்சு மன்னரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் இவ்விரு ஊர்களும் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளன. புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு, அதற்குக் கூடுதல் நிலமாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளையும் பிரான்சுக்குப் பெற்றுத்தர இங்கிலாந்து மன்னர் பொறுப்பேற்றார். அப்பொழுது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் முஹம்மது அலி வாலாஜா. இருபது ஆண்டுகளுக்கு முன் 1763இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவில் அவரையே கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாப் என்று இதே இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டிருந்தன. 1783இல் அவருடைய கையெழுத்து எவருக்கும் தேவைப்படவில்லை.

நாட்டுக்குரியவரை விலக்கிவிட்டு அவருடைய கிராமங்களை வேறு இருவர் கைமாற்றிக்கொள்ளும் நிலை எப்படி வந்தது? பீரங்கியும் பயிற்சி பெற்ற படையும் காரணம் என்று பாடநூல்கள் சொல்லும். அது உண்மைதான். ஆனால் அப்பீரங்கி எந்த வழியாக, எந்த அறிவின் துணையோடு இக்கரைக்கு வந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் இங்கு விண்ணப்பக்காரராகவே வந்தனர். பீஜப்பூர் ஆதில்ஷாஹி அரசின் சார்பில் வாலிகொண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடி 1673இல் அவர்களுக்குப் புதுச்சேரியில் இடமளித்தார். மறு ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் அங்கே நிலைகொண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள், ஊர் ஊராக, ஒவ்வொரு சிற்றூருக்கும் ஆட்சியாளரின் ஆணை பெற்றே அவர்களுடைய எல்லை விரிந்தது. அரண்மனை நிலத்தை அறிந்திருந்த முறையும் அதுவே. இன்ன ஊர், இத்தனை வருவாய், இன்னாருக்கு வழங்கப்பட்டது என்று பர்வானா பேசும்; எல்லைக் கோடு வரைந்து காட்டாது. கடற்கரையைப் பொறுத்தவரை அரசுக்குத் தெரிந்தது பந்தர். பரங்கிப்பேட்டை மஹ்மூத் பந்தர் என்ற பெயரோடு விளங்கியது. பந்தரில் சுங்கம் வசூலாகும். பந்தருக்கு அப்பால் தண்ணீரின் ஆழம் எத்தனை பாகம் என்று ஆர்க்காட்டில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டவர்கள் கப்பலில் இருந்தார்கள். சோழமண்டலக் கரை நெடுகத் தாழ்ந்த மணற்கரை. புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, சரக்கும் ஆளும் சலங்குகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். இத்தகைய கரையில் ஈயக்குண்டு கட்டிய கயிறே மாலுமியின் கண். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். கயிற்றின் முடிச்சுகள் ஆழத்தைச் சொல்லும்; கொழுப்பில் ஒட்டிவருவது மணலா, சேறா, சிப்பியா என்பதைக் கொண்டு நங்கூரம் பிடிக்குமா என்று அறிவார்கள். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் குறிப்பார்கள். கரையில் தெரியும் கோபுரம், கொடிமரம், செம்மண் மேடு ஆகியவற்றின் திசையை எழுதிக்கொள்வார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல் தலைவரான தாப்ரே தெ மன்விலெத், இவ்வாறு திரண்ட குறிப்புகளைத் திருத்தித் தொகுத்துக் கிழக்குக் கடல்களுக்குரிய வரைபடத் தொகுதியை 1745இல் வெளியிட்டார். விரிவான மறுபதிப்பு 1775இல் வந்தது. ஒரு மாலுமி கற்றது அவனோடு மடியாமல் அடுத்த மாலுமியின் கைக்குப் போயிற்று.

அந்த 1745ஆம் ஆண்டிலேயே நவாப் அன்வருத்தீன் கானுக்கும் கடல் வல்லரசுகளுக்கும் இடையிலான முதல் உரசல் நேர்ந்தது. ஆங்கிலக் கடற்படை புதுச்சேரியை அச்சுறுத்தியபோது, தம் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் ஐரோப்பியர் போரிடக்கூடாது என்று அவர் சென்னைக்குக் கட்டளை அனுப்பினார். அது மதிக்கவும்பட்டது. ஓராண்டுதான். 1746இல் லபூர்தொனேயின் கப்பல்கள் வந்து சென்னையைக் கைப்பற்றின. நகரை நவாபிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த துய்ப்ளே அதைத் தரவில்லை. நவாபின் மகன் மஹ்ஃபூஸ் கான் பெரும்படையோடு வந்தும், அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றுப் பின்வாங்கினார். வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் அடையாற்றுப் போரைத் திருப்புமுனை என்பர். நம் கருத்தில் அதற்கு முன்பே முடிவு ஏற்பட்டுவிட்டது. கட்டளையை மீறியவர்கள் நவாபின் குதிரைப்படை எட்ட முடியாத இடத்திலிருந்து வந்தார்கள். வேண்டும்போது அங்கேயே திரும்பவும் முடிந்தது. நவாபிடம் ஒரு போர்க்கப்பல்கூட அங்கு இல்லை.

கடலை அளந்தவர்களுக்கும் கடல் முற்றிலும் பணிந்துவிடவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் படம் கோணலாகிவிடும். 1746 அக்டோபரில் சென்னைக்கு முன் வீசிய புயல் லபூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்தது. 1748இல் பாஸ்கவன் பெருங் கடற்படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதலில் அரியாங்குப்பம் கோட்டையில் நாட்களை இழந்தார். பின்னர் ஆழமற்ற நீரால் போர்க்கப்பல்கள் நகரை நெருங்க இயலவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கவே அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டார். 1761 சனவரி முதல் நாள் புதுச்சேரிக்கு வெளியே நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பல புயலில் அழிந்தன. ஆயினும் எஞ்சியவை சில நாட்களில் திரும்பி வந்து நிற்க, அம்மாத நடுவிலேயே நகரம் சரணடைந்தது.

வில்லியனூரும் பாகூரும் இக்கதைக்குள் நுழைவது 1749இல். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நவாப் தோஸ்த் அலி கான் மராத்தியரோடு பொருது மாண்டபோது, அவருடைய குடும்பத்தாரும் மருமகன் சந்தா சாஹிபின் குடும்பத்தாரும் புதுச்சேரி மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். ஆளுநர் துய்மா அவர்களை மராத்தியரிடம் ஒப்படைக்க மறுத்தார். அந்த நன்றி பின்னர் அரசியலாயிற்று. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டதும், பிரெஞ்சுத் துணையோடு நவாபான சந்தா சாஹிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்களை அவர்களுக்கு வழங்கினார். வடிவத்தில் அதுவும் பழைய கொடைதான். ஆனால் கொடுப்பவர், பெறுபவரின் படையால் பதவியில் அமர்ந்தவர்! 1752 சூனில் சந்தா சாஹிப் திருச்சிராப்பள்ளி முற்றுகையின் முடிவில் தலை வெட்டப்பட்டார். செப்டம்பரில் பாகூர் அருகே லாரன்சின் ஆங்கிலப் படை கெர்ழானின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. கொடையின் உரிமை இனி ஆணையால் அன்றி, அடுத்து வரும் கப்பல்களால் முடிவாகும் என்றாயிற்று.

இங்கே நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலறிவு அந்நியருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. மாலுமி என்ற சொல்லே முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. வடமீனின் உயரத்தை விரற்கணக்கில் அளந்து அட்சரேகை காணும் கலையை அரபு மாலுமிகள் நூல்களாக எழுதி வைத்திருந்தனர். 1850இல்கூட, காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த ஒரு பலகையால் வழியறிவதைச் சென்னையில் வெளியான ஓர் ஆய்விதழில் விவரித்துள்ளார். முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையின் அடிவிளிம்பைத் தொடுவானத்தோடும் மேல்விளிம்பை வடமீனோடும் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம்.

இவ்வறிவு மரக்காயர் குடும்பங்களிலும் கப்பல் தளங்களிலும் இருந்தது; அரசவைக்குள் நுழையவே இல்லை. தோஸ்த் அலியும் சந்தா சாஹிபும் நவாயத் மரபினர். கொங்கணக் கரையில் கடல்வழி வந்து குடியேறிய அரபியரைத் தம் முன்னோராகக் கொண்ட மரபு அது. அவர்கள் அவையிலும் பாரசீகக் கவிதைக்கும் குதிரைக்கும் இருந்த இடம் மரக்கலத்திற்கு இருந்ததாகக் காணோம். பழி முழுவதையும் அவர்கள்மேல் சுமத்துவது நியாயமாகாது. டெல்லி முதல் ஆர்க்காடு வரை நிலவருவாயே அரசு என்றிருந்த காலம் அது. எனினும், சுங்கம் கொடுக்க வந்த மரக்காயரிடம் ஆழம் கேட்டறிய ஒரு நவாபும் நினைக்கவில்லையே என்ற வருத்தம் நமக்கு எஞ்சுகிறது.

அளவை தொடர்ந்தது. 1783 உடன்படிக்கைக்குப் பின் சென்னை அரசு மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கொண்டு கரையைக் கருவிகளால் துல்லியமாக அளக்கத் தொடங்கியது. சென்னையில் 1792இல் வானாய்வகமும் 1794இல் நில அளவைப் பள்ளியும் அவர் முயற்சியால் அமைந்தன. கடலிலிருந்து தொடங்கிய கோடு நாட்டுக்குள் நடந்தது. முஹம்மது அலி 1795இல் மறைந்தார். 1801இல் அவருடைய வழியினரிடமிருந்து கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் ஆங்கிலக் கம்பெனிக்குப் போயிற்று.

வில்லியனூர், பாகூர் நிலங்கள் மட்டும் பழைய பர்வானாவின் வடிவத்தையே இன்றும் காட்டுகின்றன. ஊர் ஊராக வழங்கப்பட்டவை ஆதலால் அவை ஒரே பரப்பாகச் சேரவில்லை. 1880இல் பிரெஞ்சு அரசு அவற்றைக் கொம்யூன்களாக வகுத்தபோதும், 1954இல் இந்தியாவோடு இணைந்தபோதும், 1962இல் அவ்விணைப்பு சட்டப்படி நிறைவேறியபோதும் அத்துண்டுகள் அப்படியே நின்றன. அங்குப் பயணம் செய்வோர் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குள் மாநில எல்லையைக் கடந்து மறுபடியும் கடக்க நேரிடும். பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்காலோ தமிழ்நாட்டு எல்லைக்குள் சொர்ணாவூர் அணையில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து வருகிறது. வயல்கள் கொடையில் இருந்தன. அவற்றின் தலைமடை இல்லை.