சட்டம் இருந்தது, மருந்து இல்லை

பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாக அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் நமக்கு இல்லை. குடித்த பிறகும் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1937இல்தான் வந்தது. காகிதத்தில் உரிமை, கையில் ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவின் எய்ட்ஸ் மருந்துப் போராட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகாடுதான் நினைவுக்கு வருகிறது.

நிறவெறி ஆட்சி ஒழிந்து மூன்றாண்டுகளில், 1997இல், அந்நாட்டு நாடாளுமன்றம் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. வேறு நாட்டில் மலிவாக விற்கும் மருந்தை இறக்குமதி செய்யலாம் என்பது அதில் முக்கியமானது. 1998 பிப்ரவரியில் மருந்து உற்பத்தியாளர் சங்கமும் சுமார் 40 நிறுவனங்களும் வழக்குப் போட்டன. முதல் எதிர்மனுதாரர் குடியரசுத் தலைவர் நெல்சன் மண்டேலா! சட்டம் முடங்கியது. எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலம் அது. கறுப்பினத் தொழிலாளியால் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகையா?

1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளில், ஜாக்கி அக்மத்தும் தோழர்களும் சிகிச்சைக்கான செயல் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே மாதம் டர்பன் அருகே, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன குகு ட்லாமினி என்ற பெண்ணை அடித்தே கொன்றார்கள். இயக்கம் என்ன செய்தது தெரியுமா? மார்பில் பெரிய எழுத்தில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று அச்சிட்ட பனியனை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், நோய் இல்லாதவர்களும்கூட. இழிவென்று பிறர் சுமத்திய பெயரை எடுத்து நெஞ்சில் அணிவது நமக்குப் புதிதல்ல.

கிறிஸ்டோபர் மொராக்கா என்ற தோழர் பூஞ்சைத் தொற்றால் 2000இல் இறந்தார். அதற்கான புளுகோனசோல் மருந்து இருந்தது, வாங்கும் விலையில் இல்லை. அந்த அக்டோபரில் அக்மத் தாய்லாந்து போய் மலிவான புளுகோனசோலை வாங்கி, காப்புரிமையை வெளிப்படையாக மீறிக் கொண்டுவந்தார். அந்தச் சட்டமீறலுக்கு மொராக்காவின் பெயரையே வைத்தார்கள்.

2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகள் கொண்ட கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நமது 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது அதனால்தான். விலையின் பொய் அம்பலமானது. உலகெங்கும் கண்டனம் எழ, 2001 ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

கதை அங்கே முடியவில்லை. அடுத்துத் தடையாக நின்றது சொந்த அரசு. எய்ட்ஸ் வைரஸால்தான் வருகிறதா என்றே அதிபர் எம்பெக்கி சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபைனை அதன் நிறுவனம் ஐந்தாண்டு இலவசமாகத் தர முன்வந்தும், மாகாணத்துக்கு இரண்டே இடங்களில்தான் கொடுத்தார்கள். ‘நம்மவர்’ ஆட்சி என்று இயக்கம் வாய்மூடி இருக்கவில்லை, அரசமைப்பு நீதிமன்றம் போய் 2002 ஜூலையில் வென்றது. அரசு மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை மருந்தைத் தொடமாட்டேன் என்றிருந்த அக்மத், அரசு இறங்கிவந்த பிறகு 2003இல்தான் அதைச் சாப்பிட்டார்.

மலிவு மருந்து செய்த இந்தியாவோ, தன் ஏழைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று, எட்டே மையங்களில். தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. ஒன்பது மாதம் கழித்து, உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி மருந்துக்கே காப்புரிமை தரும் சட்டமும் வந்துவிட்டது. அதிலிருந்த 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த கதையை அடுத்து எழுதுகிறேன்.