பருவமும் பிணியும்: வியன்னா மகப்பேற்று விடுதிகள் தரும் வரலாற்றுச் சான்று

நோய்க்கும் பருவத்திற்கும் தொடர்புண்டு என்னும் கருத்து மருத்துவ வரலாற்றில் மிகத் தொன்மையானது. கிரேக்க மருத்துவர் கிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் காற்று, நீர், இடம் என்பன பற்றிய தனிநூல் ஒன்று உண்டு. புதிய ஊருக்குச் செல்லும் மருத்துவன் அவ்வூரின் பருவங்களையும் காற்றையும் முதலில் அறிதல் வேண்டும் என்பது அந்நூலின் துணிபு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தோமஸ் சிடன்காம், கொள்ளைநோய்கள் ஆண்டுக்காண்டு வேறுபடுவதை வளிமண்டலத்தின் இயல்போடு தொடர்புபடுத்தினார். இக்கருத்து முற்றிலும் பொய்யானதன்று. எனினும், வைத்தியசாலையின் உள்ளேயே தொற்றிப் பரவும் நோய்களைப் பொறுத்தவரையில் அஃது உண்மையைக் காண உதவியதா, மறைக்க உதவியதா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வியன்னா நகரம் தெளிவான சான்றொன்றைத் தருகின்றது.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் அடுத்தடுத்து இயங்கின. 1840ஆம் ஆண்டின் பின்னர் முதலாம் பிரிவு மருத்துவ மாணாக்கருக்கும் இரண்டாம் பிரிவு மருத்துவிச்சிகளுக்கும் பயிற்சிக் களங்களாயின. 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிற் பிள்ளை பெற்ற 4010 தாய்மாருள் 459 பேர் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ 3754 பேருள் 105 பேரே மாண்டனர். முன்னையது நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். பின்னையது மூன்றுக்குங் குறைவு. மகப்பேற்றுக் காய்ச்சலே இம்மரணங்களுக்குப் பெரிதும் காரணமாயிற்று. முதலாம் பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டாமெனப் பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர் என அறிகின்றோம்.

இவ்வழிவுக்கு அக்கால அறிஞர் கூறிய விளக்கம் யாது? வளிமண்டலத்திலும் விண்ணிலும் மண்ணிலும் நிகழும் இனந்தெரியா மாற்றங்களே நோயை விளைவிக்கின்றன என்றனர். குளிர்காலத்தில் மரணம் மிகுந்து கோடையிற் குறைந்தமை அவர்தம் கூற்றுக்கு அரண் செய்வதாய்த் தோன்றியது. பருவத்தை எவரும் மாற்றவியலாது. ஆதலின் எவரும் பொறுப்பேற்க வேண்டியதுமில்லை. இவ்விளக்கத்தின் வசதி அதுவே எனலாம்.

1846இல் முதலாம் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியேற்ற இக்னாஸ் செமெல்வைஸ் என்னும் கங்கேரியர் இதனை ஏற்கவில்லை. அவர் எழுப்பிய வினா எளியது. இரு பிரிவுகளின் மேலும் வீசுவது ஒரே காற்று; பெய்வது ஒரே பனி. அவ்வாறாயின் மரணம் மட்டும் ஏன் வேறுபடல் வேண்டும்? வைத்தியசாலைக்கு வரும் வழியில், தெருவிலே பிள்ளை பெற்ற பெண்களை இந்நோய் அரிதாகவே பற்றியது. வானிலையின் கொடுமைக்கு நேரே உட்பட்டவர் அவர்களன்றோ? மேலும், ஒரே மாதம் ஓராண்டில் கொடியதாயும் பிறிதோராண்டில் இலேசானதாயும் இருந்தது. 1841 ஜனவரியில் 254 தாய்மாருள் 37 பேர் மாண்டனர். 1847 ஜனவரியில் 311 பேருள் 10 பேரே மாண்டனர்.

இப்பின்னைய குறைவின் காரணம் சிந்தனைக்குரியது. விசாரணைக்குழு ஒன்று, அயல்நாட்டு மாணாக்கர் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே நோய்க்கு ஏது எனக் கருதியது. அதனால் மாணாக்கர் தொகை 42இலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. கூறிய காரணம் தவறு. விளைந்த பயனோ மெய். கடுங்குளிர்க் காலத்திலேயே மரணம் வீழ்ந்தது. ஆனால் 1847 ஏப்பிரலில், இளவேனில் பிறந்த வேளையில், 312 பேருள் 57 பேர் இறந்தனர்.

அதற்கு முந்திய மார்ச் மாதத்திற் கொலெச்கா என்னும் பேராசிரியர், பிரேத பரிசோதனையின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி பட்டு இறந்திருந்தார். அவருடலிற் காணப்பட்ட மாற்றங்கள் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிற் கண்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குச் செல்லும் மருத்துவரின் கைகளே நோயைக் கொண்டு செல்கின்றன எனச் செமெல்வைஸ் துணிந்தார். மருத்துவிச்சிகள் பிணங்களை அறுத்துப் பயில்வதில்லை. குளிர்காலப் புதிருக்கும் இதிலேயே விடை கிடைத்தது. குளிர்காலத்தில் மாணாக்கர் பிணவறையில் ஊக்கமாய் உழைத்தனர். கோடையிலோ நகர்ப்புறத்தின் எழில் அவர்களை வெளியே ஈர்த்தது. மரணத்தை ஏற்றியிறக்கியது பருவமன்று. பருவத்தோடு மாறிய மாணாக்கரின் வேலைமுறையே.

அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிற் குளோரீன் நீராற் கை கழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் விலை குறைந்த வெளிற்றுந்தூட் கரைசல் பயன்பட்டது. 1848இல் முதலாம் பிரிவில் 3556 பேருள் 45 பேரே மாண்டனர். இரண்டாம் பிரிவில் 3219 பேருள் 43 பேர். வேறுபாடு மறைந்தது. வியன்னாவின் வானிலை மட்டும் மாறவில்லை. ஆயினும் செமெல்வைசின் பதவி 1849இல் நீடிக்கப்படவில்லை. தம் முடிபுகளை 1861இல் நூலாக வெளியிட்ட அவர், 1865இல் மனநோயாளர் விடுதியொன்றில் இறந்தார். தம் கைகளே கொன்றன என்பதை ஒப்புதலினும் காற்றைக் குறைகூறல் பலருக்கும் எளிதாயிற்று.

ஆயின் பருவத்திற்கு எப்பங்குமே இல்லையா? அவ்வாறு கூறுதலும் மிகைபடக் கூறலாகும். ஐக்கிய அமெரிக்காவின் 132 வைத்தியசாலைகளில் 1999 முதல் 2006 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, அசினெற்றோபக்ரர், கிளெப்சியெல்லா முதலிய சில பற்றீரியாக்களால் நேரும் குருதித் தொற்று வெப்ப மாதங்களில் மிகுவதைக் காட்டியது. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமியில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே பருவம் எல்லாக் கிருமிகளையும் ஒரே வகையில் ஆள்வதன்று.

இவ்விரு காலத்துச் சான்றுகளும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. வியன்னா அறிஞர் பருவத்தைக் கண்டது பிழையன்று. அதனைக் கண்டதும் ஆராய்ச்சியை நிறுத்தியதே பிழை. பருவம் மாறும்போது கிருமி மாறுகின்றதா, மனிதர் பழக்கம் மாறுகின்றதா என வினவியிருப்பின் எத்தனையோ தாய்மார் பிழைத்திருப்பர். அவர்களை அறியாமற் கொன்றோர், கல்வியில் ஊக்கமிக்க பல்கலைக்கழக மாணாக்கரும் அவர்தம் ஆசிரியருமே என்பது நாம் மறக்கலாகாத உண்மை. ஓர் அழிவுக்குக் காலத்தையோ இயற்கையையோ காரணமாகக் கூறும் விளக்கத்தை எதிர்ப்படும்போதெல்லாம், வரலாறு பயில்வோர் அதனை விடையாகக் கொள்ளாது வினாவின் தொடக்கமாகக் கொள்ளல் வேண்டும்.