எதிரித் தரப்பு வழக்கறிஞர்

குற்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக முன்னிலையாகும் வழக்கறிஞர். இந்தியாவில் இவர் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

பிணை, முன்பிணை, விடுவிப்பு மனுக்கள், இறுதி வாதம், மேல்முறையீடு ஆகியவை இவரது பணிகள்; விசாரணையில் தலையாயது குறுக்கு விசாரணை. குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்தது. ஆகவே முதல் தகவல் அறிக்கை நீதிமன்றத்தை அடைந்த நேரம், மகஜர் சாட்சியின் கையொப்பம் போன்றவற்றில் எழும் முரண்களும் தீர்ப்பை மாற்றக்கூடும்.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதிகளில் தடை உண்டு. எனவே உள்ளூர் வழக்கறிஞரை அறிமுகமானவர்கள் வழியாகவோ நீதிமன்ற வளாக வழக்கறிஞர் சங்கத்திலோ தேடுவதே வழக்கம். அமர்த்தியதற்குச் சான்று வக்காலத்து; சிறையிலிருப்பவர் இடும் கையொப்பத்துக்குச் சிறை அதிகாரி சான்றளிப்பார்.

விரும்பிய வழக்கறிஞரை அமர்த்தும் உரிமையை அரசமைப்பின் 22(1) பிரிவு அளிக்கிறது. வசதியற்றோருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. குறிப்பிட்ட எதிரிகளுக்கு எவரும் முன்னிலையாகக் கூடாதென வழக்கறிஞர் சங்கங்கள் இயற்றும் தீர்மானங்கள் செல்லாதவை என்று, கோயம்புத்தூரிலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2010இல் அது தீர்ப்பளித்தது.

காவலில் இருப்பவர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கோரலாம். உதவி எண் 15100.